ஷிட்சூ வளர்ப்பு: குட்டி வாங்குவதற்கு முன்பிருந்து அதற்கு வயதாகும் வரை

ஷிட்சூ நாய் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வீடு எவ்வளவு பெரியது, மொட்டைமாடி இருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. தினமும் கால் மணி நேரம் சீப்பும் கையுமாகத் தரையில் உட்கார வீட்டில் யார் தயார், மே மாத மதியத்தில் வீடு எவ்வளவு சூடாகும், இந்த இரண்டுதான் கேள்வி. இந்த நாய்க்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வளர்வதை நிறுத்தாத முடியிலிருந்தும் உள்ளே அமுங்கிப்போன குட்டை மூக்கிலிருந்தும்தான் வருகின்றன. அந்த இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் எந்த நாய்க்கும் செய்வதுதான்.

இது எப்படிப்பட்ட நாய்

திபெத்து வழி வந்த சின்ன நாய்களைச் சீன அரண்மனையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கிய இனம் இது. 1908இல் பேரரசி சிஷி இறந்த பிறகு அரண்மனை நாய்களின் கூட்டம் கலைந்தது, 1930இல் சில நாய்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க கென்னல் கிளப் 1969இல் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுக்க இருக்கும் ஷிட்சூக்கள் வெறும் 14 நாய்களின் வழிவந்தவை என்று இனத்தின் வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருந்தாலும், அத்தனை குறுகிய வம்சம் என்றால் சில பரம்பரைக் கோளாறுகளும் கூடவே வரும், அதனால்தான் குட்டியின் தாய் தகப்பனை விசாரிக்கச் சொல்கிறேன்.

எடை 4 முதல் 7 கிலோ, தோள் உயரம் 20 முதல் 28 செ.மீ., ஆயுள் பொதுவாக 10 முதல் 16 ஆண்டு. வேட்டைக்கோ காவலுக்கோ ஆடு மேய்க்கவோ இதை யாரும் வளர்க்கவில்லை, மனிதர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் இதன் வேலை. காலிங் பெல் அடித்தால் நாலு தடவை குரைக்கும், கதவைத் திறந்தால் வந்தவர் மடியில் ஏறிவிடும். திருடன் வந்தாலும் அதே கதைதான், எனவே காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அபார்ட்மெண்ட்டுக்கும், வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும். காலை 8 மணிக்குப் பூட்டிவிட்டு இரவு 8 மணிக்குத் திரும்பும் வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

லாசா ஆப்சோ என்ற இன்னொரு திபெத்திய நாயையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர், விற்பவர்களிலும் உண்டு. லாசாவின் மூக்கு கொஞ்சம் நீளம், கண் சற்றுச் சிறியது, புதியவர்களை லேசில் நம்பாது. ஷிட்சூவின் கண் பெரிதாக உருண்டையாக இருக்கும், மூக்கு கண்களுக்கு நடுவே ஒட்டவைத்தாற்போல இருக்கும், மூக்கைச் சுற்றிலும் முடி எல்லாப் பக்கமும் விரிந்து செவ்வந்திப்பூ மாதிரித் தெரியும்.

முதல் படி: குட்டியைத் தேர்ந்தெடுப்பது

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, ஆனால் 35 நாள், 40 நாள் குட்டிகள் சர்வ சாதாரணமாகக் கைமாறுகின்றன. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் விரல்தான் நடத்த வேண்டியிருக்கும்.

வீட்டுக்கே போய்த் தாய் நாயைப் பாருங்கள். தாயைக் காட்ட மாட்டேன், பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். குட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் மூக்குத் துவாரத்தைப் பாருங்கள்: வட்டமாகத் திறந்திருக்க வேண்டும், கீறல் போல ஒட்டிக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுக்க மூச்சுக்குத் திணறும், சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் துவாரத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும். பத்து நிமிடம் விளையாடவிட்டு மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். கண்ணில் நீலப் படலமோ ஓயாத தண்ணீரோ கூடாது, தொப்புள் இடத்தில் வீக்கம் கூடாது, நடக்கும்போது பின்காலைத் தூக்கித் தூக்கி வைக்கக் கூடாது. கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் நீண்டிருப்பது இந்த இனத்துக்கு இயல்பு, அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் சான்று இருந்தால் வம்சம் தெரியும், ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. இரண்டும் வேறு வேறு. அப்புறம் இந்த 'டீகப் ஷிட்சூ', 'இம்பீரியல் ஷிட்சூ' சமாச்சாரம்: அப்படித் தனி இனம் எதுவும் கிடையாது. வளர்ச்சி குன்றிய குட்டிகளையும் மிகச் சிறிய நாய்களை இணைசேர்த்துப் பெற்ற குட்டிகளையும் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடும் பெயர் அது. இரண்டு கிலோ நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதிலிருந்து எலும்பு முறிவு வரை எல்லாமே சிக்கல்தான்.

இரண்டாம் படி: முதல் சில வாரங்கள்

வந்த அன்றே உணவை மாற்றாதீர்கள். பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை தேவை, ஏனென்றால் சின்ன இனக் குட்டிகளுக்குப் பசியில் சர்க்கரை அளவு சட்டென இறங்கும். துவண்டு, நடுங்கி, தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பப் போடுவார்கள், வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் வரும். எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டு வாங்குங்கள், மழையில் தண்ணீர் தேங்கும் ஊர்களில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். ஊசி முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது என்றால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வையுங்கள் என்று அர்த்தமில்லை. தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டுங்கள், ஆட்டோ சத்தம், குழந்தைகள், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் 16 வாரத்துக்குள் பழகிவிட வேண்டும்.

சென்னை மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும், வெறிநோய் ஊசிச் சான்று அதற்குத் தேவைப்படும். மருத்துவப் புத்தகத்தைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: கழிப்பறைப் பழக்கம்

இதில் ஷிட்சூ மெதுவாகத்தான் கற்கும். லாப்ரடார் வளர்த்த அனுபவத்தோடு வருபவர்கள் இங்கே பொறுமை இழந்துவிடுவார்கள். குட்டியால் அதன் மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அடக்க முடியும், அதாவது மூன்று மாதக் குட்டிக்கு அதிகபட்சம் நான்கு மணி நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போனதும் அந்த நொடியே பாராட்டுங்கள், துண்டு சிக்கன் ஒன்று கொடுங்கள். ஹாலில் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து குட்டி கற்பது உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போவதைத்தான். ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் சிறுநீர் வாசனை நாய்க்குத் தெரியும், அந்த வாசனையை முறிக்கும் என்சைம் கிளீனர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பால்கனியா, சிறுநீரை உறிஞ்சும் பேட் விரிப்பா, கீழே தெருவா என்று ஒன்றை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள்.

நான்காம் படி: சாப்பாடு

ஆறு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி போதும். உலர் தீவனம் என்றால் ஏறக்குறைய 100 கிராம், பிராண்டைப் பொறுத்து மாறும், பாக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மேரி பிஸ்கெட்டில் சுமார் 25 கலோரி இருக்கிறது. தாத்தா காபியோடு இரண்டு, பாட்டி இரண்டு என்று போட்டால் நாயின் ஒரு நாள் உணவில் கால் பங்கு அங்கேயே முடிந்துவிட்டது. குட்டை மூக்கு நாய் குண்டாகிவிட்டால் மூச்சு இன்னும் மோசமாகும், எனவே இந்தப் பிஸ்கெட் விஷயத்தில் வீட்டாரோடு சண்டை போட்டாலும் தப்பில்லை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினால் கைக்குத் தெரிய வேண்டும்.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் கொடுக்கலாம், ஆனால் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது வேலைக்கு ஆகாது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கன் அல்லது முட்டை, கொஞ்சம் சோறு, பூசணி, கேரட், பீன்ஸ், இதற்கு மேல் கால்சியம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேகவைத்த எலும்பு கூடாது, உடைந்து குடலைக் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அதனால் சாம்பார், குழம்பு, பிரியாணிச் சோறு எதுவும் வேண்டாம். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உள்ள சர்க்கரையில்லா சூயிங்கமும் விஷம். காய்ச்சல் என்று நம் பாரசிட்டமாலையோ வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், தொட்டால் நமக்குச் சூடாகத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: முடி

இங்கேதான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். ஷிட்சூவுக்கு முடி கொட்டாது என்று சொல்லி விற்பார்கள். உதிர்வது குறைவு என்பது உண்மை. ஆனால் உதிர்ந்த முடி தரையில் விழாமல் மற்ற முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, சீவாமல் விட்டால் அது சடையாகித் தோலோடு இறுகும், தோலை இழுக்கும், அடியில் ஈரம் தேங்கிப் புண்ணாகும். அலர்ஜி உள்ளவர்களுக்கு இந்த நாயால் தொல்லை வரவே வராது என்பதும் சரியில்லை, அலர்ஜி முடியால் மட்டுமல்ல, எச்சிலாலும் தோல் செதிலாலும் வருவது.

தரையைத் தொடும் நீள முடியோடு படங்களில் பார்க்கிறோமே, அது கண்காட்சிக்கானது. நம் கடலோர ஊர்களின் வெக்கையில் அதைப் பராமரிக்கப் பார்ப்பது நாய்க்கும் உங்களுக்கும் தண்டனை. குட்டையாக வெட்டும் 'பப்பி கட்'தான் என் சிபாரிசு. வெயில் காலத்தில் தோல் தெரிய மழிக்கச் சொல்பவர்களும் உண்டு, அது வேண்டாம், வெயில் நேரடியாகத் தோலில் பட்டுச் சிவந்துவிடும். ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் போதும்.

தேவையான சாமான்கள் ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் கொண்டது), பல் நெருக்கமும் அகலமும் சேர்ந்த ஸ்டீல் சீப்பு, தண்ணீர் தெளிப்பான். காய்ந்த முடியைச் சீவினால் உடையும், லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மேலாகத் தடவிவிட்டுப் போகாமல், ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும் கோட்டிலிருந்து வரிவரியாகக் கீழ்நோக்கிச் சீவ வேண்டும். முடித்ததும் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது நின்றால் அங்கே சடை இருக்கிறது. காதின் பின்பக்கம், அக்குள், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) உரசும் இடம், பின்னங்கால் இடுக்கு, வாலடி ஆகியவைதான் அது ஒளிந்திருக்கும் இடங்கள். சடை விழுந்தால் கொஞ்சம் சோளமாவு தூவி விரலால் பிரித்து, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சீவி எடுங்கள். கத்தரிக்கோலை உள்ளே விட்டு வெட்டப் பார்த்தால் சடையோடு தோலும் மேலே எழும்பி வந்திருக்கும், அதையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். ரொம்ப இறுகியிருந்தால் நாய்க்கு முடி வெட்டும் கிரூமரிடம் மெஷின் போட்டு எடுத்துவிடுவதே நல்லது.

10 முதல் 12 மாதத்தில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். அந்தச் சில வாரங்களில் நேற்றுச் சீவிய இடம் இன்று சடையாகியிருக்கும், பலர் வெறுத்துப்போவது அப்போதுதான். தாண்டிவிட்டால் எளிதாகும்.

குளியல் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். சீவாமல் குளிப்பாட்டக் கூடாது, நனைந்த சடை இன்னும் இறுகும். நாய்க்கான ஷாம்பூதான் போட வேண்டும், நம் தோலும் அதன் தோலும் வேறு. நுரை போகும்வரை அலசிவிட்டு, துண்டால் ஒற்றி, குறைந்த சூட்டில் டிரையர் போட்டு வேர்வரை காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறை ஈரத்தோடு விட்டால் பூஞ்சை வருவது நிச்சயம். கிரூமரிடம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போய் ஆசனவாயைச் சுற்றியும் பாதத்தின் அடியிலும் முடி எடுத்துவிடுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்காது.

ஆறாம் படி: கண், காது, பல்

கண்தான் முதலில். வெளியே துருத்திய கண், அதில் எப்போதும் முடி உரசும். தினமும் வெந்நீரை ஆறவைத்துப் பஞ்சில் நனைத்துக் கண்ணோரத்தைத் துடையுங்கள், மூக்குக்கு மேல் முடியைக் குட்டையாக வையுங்கள் அல்லது உச்சியில் கட்டிவிடுங்கள். நாய் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தால், காலால் தேய்த்தால், நீலமாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே மருத்துவர், நாளைக்கு வேண்டாம். கருவிழிப் புண் வேகமாக ஆழமாகும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் முற்றிவிடும். பிடரியைப் பிடித்து இழுத்தாலோ பெரிய நாய் கவ்வினாலோ இந்த இனத்துக்குக் கண்விழி வெளியே வந்துவிடக்கூடும். அப்படி நடந்தால் ஈரத்துணியை மேலே வைத்து, எதையும் அழுத்தாமல் உடனே கிளம்ப வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரில் இரவில் திறந்திருப்பது எது என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள்.

காது மடங்கித் தொங்குவதால் உள்ளே காற்றுப் போகாது. வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் தொற்று. பட்ஸை உள்ளே விடாதீர்கள். பல்லைப் பொறுத்தவரை, 42 பற்கள் அந்தக் குட்டைத் தாடைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன, நாய்க்கான பற்பசையால் முடிந்தால் தினமும் தேயுங்கள். ஆறு, ஏழு மாதத்திலும் பால்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் எடுக்க வேண்டியிருக்கும், கருத்தடை அறுவையோடு சேர்த்துச் செய்தால் ஒரே மயக்க மருந்தில் முடியும்.

ஏழாம் படி: வெயில்

நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, குட்டை மூக்கில் அந்த வழி குறுகல். காலை 7 மணிக்கு முன், மாலை இருட்டிய பின் மட்டும் நடை, இரண்டு வேளையும் சேர்த்து அரை மணி நேரம் போதும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. கழுத்துப்பட்டை வேண்டாம், மூச்சுக்குழாயை நெரிக்கும், ஹார்னஸ் போடுங்கள். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

நாக்கு அடர்சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள்: குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி ஃபேனுக்கு அடியில் வைத்து, வழியிலும் ஏசி அல்லது காற்று படும்படி கொண்டுபோக வேண்டும். ஈரத்துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும்.

பயணத்துக்கும் இதே கணக்குதான். பல விமான நிறுவனங்கள் குட்டை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதில்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபேயோ கேபினோ முழுதாக உங்கள் பெயரில் இருந்தால் கூடவே கொண்டுபோகலாம், இல்லையென்றால் கார்டு வேனில் பெட்டிக்குள் போக வேண்டும், கோடையில் ஷிட்சூவுக்கு அது கூடவே கூடாது.

சில நேரம் கழுத்தை நீட்டி, மூக்கால் உறிஞ்சிக் கொர் கொர் என்று இழுக்கும், பார்ப்பவருக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். தலைகீழ்த் தும்மல் என்பார்கள், தொண்டையை மெல்லத் தடவிவிட்டால் நின்றுவிடும். அடிக்கடி வந்தால் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டாம் படி: உண்ணி

நீள முடிக்குள் உண்ணி இருப்பதே தெரியாது. விரலிடுக்கு, காதுமடல், அக்குள் என்று சீவும்போதே தேடுங்கள். நாயின் மேல் பத்து இருந்தால் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் அதைவிட அதிகம் இருக்கும், எனவே வீட்டுக்கும் சேர்த்து மருந்தடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, எடை பார்த்து மருத்துவர் தருவார். மண்ணெண்ணெய், கற்பூரம் தடவும் வைத்தியம் வேண்டாம், நாய் நக்கும். உண்ணியால் வரும் எர்லிச்சியா காய்ச்சலில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: பழக்கமும் வயதும்

அதட்டினால் ஷிட்சூ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிடப் பாடம், துண்டு கேரட், அவ்வளவுதான் முறை. வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே தனியாக விட்டுப் பழக்குங்கள், பத்து நிமிடத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், இல்லையென்றால் நீங்கள் செருப்பு மாட்டியதுமே அழ ஆரம்பித்துவிடும். சின்னக் குழந்தைகள் தூக்கித் திரிய விடாதீர்கள், கீழே விழுந்தால் கால் உடையும்.

குட்டி எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவது நல்லது, எந்த வயதில் என்று மருத்துவரிடம் பேசுங்கள். செய்யாமல் விட்டால் பருவம் முடிந்த சில வாரங்களில் அதிகத் தாகம், சோர்வு, கெட்ட வாடையோடு கசிவு வருகிறதா என்று கவனியுங்கள், கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது உயிருக்கே ஆபத்து. ஓடும்போது பின்காலை நாலு எட்டுக்குத் தூக்கிக்கொண்டு மறுபடி ஊன்றினால் முட்டிச்சில்லு நழுவுகிறது என்று பொருள். சோபாவிலிருந்து குதிக்காமல் பக்கத்தில் ஒரு சின்னப் படி போடுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று தெரியும். வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் குடிப்பதும், இத்தனை நாள் பழகிய இடத்தை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் போவதும் அடம் அல்ல, நோயின் அறிகுறியாக இருக்கலாம். கண்ணில் வெண்மை படர்ந்து பார்வை மங்கினால் சோபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாதீர்கள், இருக்கிற இடத்தை மூக்காலேயே கண்டுபிடித்து நடந்துகொள்ளும்.